சுனாமிக்கு முந்தைய இரண்டு மணி நேரம்: கிழக்குக் கரையில் வாழ்வோருக்கான வழிகாட்டி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்கு சுமத்ரா தீவின் வடமேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. நாகப்பட்டினம் கரையில் அலை ஏறியபோது மணி ஏறத்தாழ 9. இடைப்பட்ட நேரத்தில் கரையில் மீன் வியாபாரம் நடந்தது, பிள்ளைகள் மணலில் ஆடினார்கள், வேளாங்கண்ணிக்கு வந்த கிறிஸ்துமஸ் கூட்டம் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நடந்தே போய்த் தப்பும் அளவுக்கு நேரம் இருந்தும், சேதி சொல்ல ஆளில்லாமல் போனது.

இன்று சேதி சொல்ல அமைப்பு இருக்கிறது. சேதி வந்த பிறகு எந்தத் தெரு வழியாக, யாரைக் கூட்டிக்கொண்டு, எந்த மாடிக்கு என்பதை ஹைதராபாத் எச்சரிக்கை மையத்தில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. அதை ஊரும் வீடும்தான் முன்கூட்டி முடிவுசெய்து வைக்க வேண்டும். சென்னையிலிருந்து கோடியக்கரை வரை உள்ள கரைக்கும் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் இந்தக் குறிப்புகள் பொருந்தும். அந்தமான், நிகோபாரில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே கிடைப்பது நிமிடங்கள்தான். ஆகவே நிலம் பலமாக ஆடியதும் எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் மேடேற வேண்டும்.

அலை எப்படிப் பிறக்கிறது

இந்தியப் பெருங்கடலின் கிழக்கு ஓரத்தில், சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை, ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் செருகிக்கொண்டே போகிறது. செருகும் இடம் வழுக்கி நகராமல் இறுகப் பிடித்துக்கொள்ளும். மேல்தட்டின் விளிம்பு நூற்றாண்டுக் கணக்கில் உள்நோக்கி வளைந்து, ஒருநாள் பிடி விட்டதும் வில் நிமிர்வதுபோல் எழும்பும். 2004-ல் அந்தப் பிளவு சுமார் 1,200 கி.மீ. நீளத்துக்கு ஓடியது, நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடற்தரை சில மீட்டர் எழும்ப, அதன்மேல் நின்ற தண்ணீர் முழுவதும் கூடவே எழும்பியது.

காற்று கிளப்பும் அலை கடலின் மேல்பகுதியைத்தான் அசைக்கும். சுனாமியில் தரையிலிருந்து மேல்மட்டம் வரை மொத்த நீரும் நகரும். அதனால் அதன் வேகத்தைக் கடலின் ஆழம் தீர்மானிக்கிறது. ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 710 கி.மீ.; 50 மீட்டர் ஆழத்தில் 80 கி.மீ.; 10 மீட்டரில் 36 கி.மீ. கார் நிகோபாரிலிருந்து நாகைக்கு நேர்கோட்டில் சுமார் 1,400 கி.மீ.; வழியில் பெரும்பகுதி 3,000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடல். இரண்டு மணி நேரம் என்ற கணக்கு இங்கிருந்து வருகிறது.

கரையை நெருங்க நெருங்க முன்னால் போகும் நீர் வேகம் இழக்கும், பின்னால் வருவது நெருக்கும், அலை உயரும். நடுக்கடலில் படகுக்காரர் உணராத அளவில் இருந்தது நாகையில் 4, 5 மீட்டராக எழுந்தது இப்படித்தான். அலை என்ற சொல்லே பலரை ஏமாற்றிவிடுகிறது. சாதாரண அலை பத்துப் பதினைந்து வினாடியில் திரும்பிவிடும். சுனாமியில் ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையே 10 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஆகவே அது ஊருக்குள் நுழைந்து நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும் வெள்ளம். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கும் மேல். முழங்காலுக்குக் கீழே ஓடினாலும் அந்த வேகத்தில் பெரியவர்களையே சாய்த்துவிடும். போகப் போக மரம், ஓடு, படகு, இரும்புத் தகடு எல்லாம் சேர்ந்துகொள்ளும். காயத்துக்கு இவையே பெரும் காரணம்.

பெரிய நடுக்கம் எல்லாமே சுனாமி கொண்டுவருவதில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. சென்னையில் அலுவலகங்களைவிட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் கடற்தரை அதிகம் எழவில்லை, அலையும் சிறிதாகவே முடிந்தது. மறுபுறம், 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்தது. மக்கள் உணரும்படி நிலம் ஆடாமலே அலை வந்து 400 பேருக்கு மேல் கொன்றது. சுனாமியா இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்து யாரும் கணிக்க முடியாது. எச்சரிக்கை வந்தால் நகர வேண்டும். பொய்த்துப் போனால் அதை ஒத்திகையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடல் உள்வாங்கும் என்று காத்திருக்காதீர்கள்

சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும் என்பது எல்லோரும் அறிந்த அடையாளம். அது பாதி உண்மை. கடற்தரையின் ஒரு பகுதி எழும்போது இன்னொரு பகுதி தாழ்கிறது. 2004-ல் தாழ்ந்த பக்கம் கிழக்கே, தாய்லாந்தை நோக்கி இருந்தது; அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. எழுந்த பக்கம் மேற்கே, நம்மை நோக்கி. இங்கே நீர்மட்டம் முதலில் ஏறியது, அதன் பிறகுதான் வடிந்தது. அந்தத் திசையிலிருந்து மறுபடி வந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அலைவாய்க்கரையில் நின்று கடல் உள்வாங்குகிறதா என்று பார்ப்பவருக்கு அந்த அடையாளம் கிடைக்காமலே போகலாம்.

வடிந்ததைப் பார்த்துவிட்டால் அடுத்தது வரப்போகிறது என்று பொருள். இலங்கையின் பெரலியாவில் முதல் அலை வந்து ரயில் நின்றபோது ஊர்மக்கள் பலரும் அதைப் பாதுகாப்பென்று நம்பி ஏறினார்கள், பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். பிறகு வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டிப்போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. முதல் அலைதான் பெரியது என்று எந்த விதியும் கிடையாது.

இரைச்சல், வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் நுரைத்துக் குமிழியிடுவது, கழிமுகத்தில் நீர் எதிர்த்திசையில் ஏறுவது ஆகியவையும் அடையாளங்களே. இவற்றில் ஒன்றைக் கண்டாலே போதும். குமரிக் கரையில் கள்ளக்கடல் என்று சொல்வது வேறு. அது தென்கடலில் வீசும் தொலைதூரப் புயல்கள் அனுப்பும் நீள அலை. வானம் தெளிந்திருக்கும்போதே கரையேறி ஆளை இழுத்துவிடும். அதற்கும் தனி எச்சரிக்கை வருகிறது; அன்று கரைக்குப் போகாமலிருந்தால் போதும், ஊரைக் காலிசெய்ய வேண்டியதில்லை.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனத்தில் 2007 அக்டோபர் முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கம் நடந்து சுமார் 10 நிமிடத்தில் முதல் அறிக்கை வந்துவிடும். அதில் இடம், ஆழம், அளவு மட்டும் இருக்கும். அதன்பின் கணினி மாதிரிகளைக் கொண்டு எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் என்ற அறிக்கை. பிறகு ஆழ்கடல் அழுத்தமானிகளும் துறைமுக நீர்மட்டக் கருவிகளும் காட்டும் அளவை வைத்து உறுதிசெய்யும் அறிக்கை.

அறிக்கையில் மூன்று படிகள் உண்டு. 2 மீட்டருக்கு மேல் எதிர்பார்த்தால் முழு எச்சரிக்கை: ஊரைக் காலிசெய்ய வேண்டும். அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரை என்றால் உஷார் நிலை: கடற்கரையையும் தாழ்வான இடத்தையும் விட்டு விலக வேண்டும். அதற்கும் குறைவென்றால் கண்காணிப்பு நிலை: அடுத்த அறிக்கையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அலை எட்டும் கரைக்கு, நிலநடுக்கத்தை மட்டும் வைத்தே முழு எச்சரிக்கை போய்விடும். தமிழ்நாடுபோல் தொலைவில் உள்ள கரைக்கு முதலில் கீழ்ப்படி அறிவிப்பு வந்து, கடலில் அலை உறுதியான பிறகு மேல்படிக்கு ஏற்றுவார்கள். அந்தமானுக்கு முழு எச்சரிக்கை, நமக்கு உஷார் மட்டும் என்று கேட்டவுடன் ஆபத்தில்லை என்று படுத்துவிடக் கூடாது. நடக்கச் சிரமப்படுவோர், கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தை வைத்திருப்போர் இந்தப் படியிலேயே கிளம்பிவிடுவது நல்லது. இருக்கும் இரண்டு மணியில் அரைமணி அறிவிப்புக்கும், இன்னொரு அரைமணி "உண்மைதானா?" என்ற விசாரிப்புக்கும் போய்விடும்.

சந்தேகம் தீர்க்கத் தமிழ்நாட்டில் மாநிலக் கட்டுப்பாட்டறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இலங்கையில் இடர் முகாமைத்துவ நிலையம் 117. வாட்ஸப்பில் வரும் குரல்பதிவை நம்பி ஓடவும் வேண்டாம், இன்னொருவர் "புரளி" என்றதை நம்பி நிற்கவும் வேண்டாம்.

வழியை நடந்து பாருங்கள்

வரைபடத்தில் அம்புக்குறி போடுவதைவிட, வீட்டிலிருந்து ஒருமுறை நடந்து பார்ப்பது மேல். வீட்டிலேயே மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய நடையில் அளவெடுங்கள். கெட்டித் தரையில் வயதானவர் 1 கி.மீ. கடக்க 20 நிமிடம் ஆகலாம். மணலில் இன்னும் கூடும். ஒருமுறை பகலில், ஒருமுறை இரவில் டார்ச் மட்டும் வைத்துக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். வலை காயப்போட்ட இடம், குறுக்கே எழுப்பிய சுற்றுச்சுவர், இரவில் பூட்டும் இரும்புக் கேட், ஒரே ஒரு ஒற்றைப் பாலம் என்று வழிமறிப்பவை அப்போதுதான் கண்ணில் படும்.

போகும் திசை மேற்கு. கிழக்குக் கடற்கரைச் சாலை கரைக்கு இணையாக ஓடுவது. அதில் வண்டியைத் திருப்பி வடக்கோ தெற்கோ விரைந்தால் கடலைவிட்டு ஒரு அடிகூட விலகியிருக்க மாட்டீர்கள். சாலையைக் குறுக்கே கடந்து உள்ளே போக வேண்டும். ஆறு, ஓடை, வாய்க்கால் கரைகளைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் நீர் அவற்றின் வழியாகத்தான் நெடுந்தூரம் உள்ளே ஏறும். நாகையின் அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் ஒருபுறம் கடலுக்கும் மறுபுறம் ஆற்றுமுகத்துக்கும் இடையே இருப்பதால் 2004-ல் மிக மோசமாக அடிபட்டன. இப்படி இருபுறம் நீர் சூழ்ந்த குப்பத்தில் பாலத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது. ஊருக்குள்ளேயே ஏறி நிற்க மாடி வேண்டும். மற்ற இடங்களில் கடலிலிருந்து 2 கி.மீ. உள்ளே, அல்லது இயற்கையான மேடு.

காவிரிக் கழிமுகம் தட்டையான பூமி. அங்கே மலை தேடிப் பயனில்லை, மாடிதான் மலை. எந்த மாடி என்பது முக்கியம். தூணும் உத்திரமும் போட்டுக் கான்கிரீட்டில் கட்டியதாக இருக்க வேண்டும். சுவர்மேல் தளம் போட்ட செங்கல் கட்டடம் ஒரு சுவர் போனால் மொத்தமாகச் சரியும். தரைத்தளம் திறந்திருந்து நீர் ஊடே புகுந்து போகும் கட்டடம் நல்லது. அரசின் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களைத் தூண்கள்மேல் எழுப்பியிருப்பது இதற்காகத்தான். மூன்றாம் தளமோ அதற்கு மேலோ ஏற வேண்டும். கடலோரத்தின் முதல் வரிசைக் கட்டடத்தைவிட நாலு வரிசை உள்ளே இருப்பது பாதுகாப்பு.

அந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? இதை இன்றே கேளுங்கள். புதுச்சேரி அருகே நல்லவாடு கிராமத்துக்கு 2004-ல் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஒலிபெருக்கி இருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத்தான் சேதியை ஊருக்குச் சொன்னார்கள், ஊர் தப்பியது. ஒவ்வொரு மையத்துக்கும் மூன்று சாவி, மூன்று வீட்டில், அவற்றில் ஒன்று கடலுக்குப் போகாத ஆளின் வீட்டில் இருக்க வேண்டும். மொட்டைமாடிக் கதவுப் பூட்டுக்கும் இது பொருந்தும்.

யார் யாரைக் கூட்டிவருவது என்பதும் முன்பே பேசி முடிக்க வேண்டியது. 2004-ல் நம் கரையில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் பலியானார்கள். பிள்ளைகளைத் தேடித் திரும்பியது, இரண்டு கையிலும் குழந்தை இருந்தது, நீந்தத் தெரியாதது, புடவை காலைச் சுற்றியது என்று காரணங்களை உயிர் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்பா கடலில் இருக்கும் நேரத்தை வைத்துத்தான் வீட்டுத் திட்டம் போட வேண்டும். பாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஒரு பெயர், சின்னப் பிள்ளைக்கு ஒரு பெயர், பக்கத்து வீட்டில் மாற்று ஆளாக ஒரு பெயர். பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் நீச்சல் கற்றுத்தருவது ஆடம்பரமல்ல. புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி ஓடுவதையும் ஒத்திகையில் சேர்க்கலாம்.

பள்ளியில் இருக்கும் பிள்ளையைத் தேடிக் கடல்பக்கம் போகக் கூடாது. பள்ளியே பிள்ளைகளை மேடேற்றும் என்ற உறுதியைப் பெற்றோர் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் கமாய்ஷியில் மாணவர்கள், ஒதுங்குவதற்குக் குறித்திருந்த இடம் போதாது என்று கண்டு இன்னும் மேலே, அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போனார்கள். பயிற்சி அவர்களுக்குச் சொல்லியிருந்தது அதுதான்: வரைபடத்தைவிடக் கண்ணை நம்பு, முடிந்தவரை உயரத்துக்குப் போ.

பை ஒன்று கதவருகே தொங்கட்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு வாரத்து மாத்திரை, டார்ச், விசில், சிறிய ரேடியோ, மாதவிடாய் அணையாடை; பிளாஸ்டிக் உறையில் குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், படகுப் பதிவுச் சான்று ஆகியவற்றின் நகல். கைக்கு எட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். கிளம்பும்போது சிலிண்டரை மூடி, மெயின் சுவிட்சை அணைக்க அரை நிமிடம் போதும்.

படகில் இருந்தால், தண்ணீரில் சிக்கினால்

கடலில் இருக்கும்போது சேதி கிடைத்தால் கரைக்குத் திரும்பாதீர்கள். ஆழத்துக்குப் போங்கள்: 50 பாகம், அதாவது ஏறத்தாழ 90 மீட்டர் ஆழம் தாண்டினால் அலை படகை மெல்ல ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடும். துறைமுக வாய்க்குள் நீர் சுழன்று அடிக்கும், படகோடு படகு மோதும். வி.எச்.எஃப். ரேடியோ கருவியில் பக்கத்துப் படகுகளுக்கும் சொல்லிவிட்டு, அபாயம் நீங்கியது என்ற அறிவிப்பு வரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்கு வேண்டிய டீசலும் குடிநீரும் எப்போதும் இருக்கட்டும். கரையில் கட்டிய படகைக் காப்பாற்ற ஓடியவர்களை 2004 திருப்பித் தரவில்லை.

நீரில் அடித்துச் செல்லப்பட்டால் எதிர்த்து நீந்துவது வீண். மிதக்கும் கட்டை, ஃபைபர் பலகை, மூடிய கேன் எதையாவது பற்றிக்கொண்டு, காலை முன்னால் நீட்டி, நீரோடு போய்க்கொண்டே கெட்டியான மரத்தையோ கட்டடத்தையோ பிடியுங்கள். பிடித்த பிறகு விடாதீர்கள். நீர் வடிந்து திரும்பும் இழுப்பு, ஏறியபோது இருந்ததைவிடக் கொடியதாக இருக்கலாம்.

வடிந்த பிறகு

பார்க்க அமைதியாகிவிட்டது என்று இறங்க வேண்டாம். அலைகள் பல மணி நேரம் வந்துகொண்டிருக்கும். 1960-ல் சிலி நிலநடுக்கத்தின் அலை 15 மணி நேரம் பயணம் செய்து ஹவாயின் ஹிலோ நகரை அடைந்தது. எச்சரிக்கை இருந்தும் 61 பேர் இறந்தார்கள், அவர்களில் முதல் சிறு அலைகளுக்குப் பின் திரும்பியவர்களும் உண்டு. மாவட்ட நிர்வாகம் சொன்ன பிறகே ஊருக்குள் கால் வைக்க வேண்டும்.

சேற்றில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். ஆணி, தகரம், கண்ணாடிக் காயத்தைக் கொதித்து ஆறிய நீரால் நன்றாகக் கழுவி, ரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சேறு புகுந்த காயத்தை அன்றே இறுக்கித் தைத்தால் உள்ளே சீழ் வைக்கும். திறந்து வைத்துச் சுத்தம்செய்து சில நாள் கழித்துத் தைப்பதே முறை. கடல்நீரைக் குடித்து மூச்சுத் திணறிப் பிழைத்தவருக்கு, நன்றாகத் தேறியதுபோல் தோன்றிச் சில நாள், சில வாரம் கழித்தும் காய்ச்சலும் சளியும் வரலாம். சேறும் கிருமியும் நுரையீரலில் தங்கியதால் வருவது அது. மருத்துவரிடம் "சுனாமித் தண்ணீர் குடித்தவர்" என்று தவறாமல் சொல்லுங்கள்.

இறந்தோரின் உடல்களால் கொள்ளைநோய் வரும் என்ற பயத்தில் அவசரமாக மொத்தக் குழியில் புதைப்பது வேண்டாம். காயத்தால் இறந்த உடலிலிருந்து ஊருக்குத் தொற்று பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. முகம், உடை, நகை, தழும்பு தெரியப் படமெடுத்து எண்ணிட்டு அடக்கம் செய்தால், மாதங்கள் கழித்து வரும் உறவினருக்கு ஒரு பதிலாவது கிடைக்கும்.

கிணறு விஷயத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. உப்பேறிய கிணற்றை மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தால் அடியில் இருக்கும் உப்புநீர்தான் மேலே ஏறிவரும். இலங்கையின் கிழக்கில் 2005-ல் இப்படி இறைத்துக் கெட்ட கிணறுகள் உண்டு. ஒருமுறை மெதுவாக இறைத்து, சேற்றையும் குப்பையையும் அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டு விட்டுவிடுங்கள். மழைதான் உப்பைக் கீழே தள்ளும். அதற்கு ஒன்றிரண்டு பருவம் ஆகலாம். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை நீக்காது. ஆகவே அதுவரை குடிக்க லாரித் தண்ணீர், குளிக்கத் துவைக்கக் கிணறு.

வயலுக்கும் மருந்து நன்னீர்தான். கடல்சேறு கனமாகப் படிந்திருந்தால் உழுது கலக்காமல் முதலில் வழித்தெடுக்க வேண்டும். பிறகு சுற்றி வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, இரண்டு மூன்று நாளில் வடிகால் வழியாக வெளியேற்றி, மறுபடி தேக்க வேண்டும். வடிகால் தூர்ந்திருந்தால் கரைந்த உப்பு அதே வயலில் காய்ந்து நிற்கும், அத்தனை உழைப்பும் வீண். மண்ணைச் சோதித்து, தேவையென்று வந்தால் மட்டும் ஜிப்சம். முதல் பயிராகப் பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் சமயம் மடக்கி உழுதுவிட்டு, மண்ணில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்குக் கீழே இறங்கிய பிறகு உப்பைத் தாங்கும் நெல் ரகத்தோடு தொடங்கலாம்.